பழைய ஜீப்பின் ஹீற்றருக்கு 940 டொலர் கட்டிய கதை

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். 1998ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி ஓடுகிறேன். ஜனவரியில், மைனஸ் 18 பாகைக் குளிரில், ஹீற்றர் காற்று முன்கண்ணாடிக்கு மட்டும் வரத் தொடங்கியது. பொத்தானை எங்கே திருப்பினாலும் காலுக்கு வராது. காற்று நல்ல சூடுதான், வருகிற இடம்தான் பிழை. பிள்ளைகள் இருவரும் பின் சீற்றில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

தெரிந்தவர் ஒருவர் சொன்ன கராஜுக்குக் கொண்டுபோனேன். முதலாளி நம்மவர். பொனெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, ஹீற்றர் பெட்டிக்குள்ள கதவு உடைஞ்சு போச்சு. டாஷ்போர்டை முழுக்கக் கழட்டவேணும். மூண்டு நாள் வேலை" என்றார். எழுத்தில் மதிப்பீடு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் 940 டொலர் கட்டினேன்.

அன்று காலுக்குச் சூடு வந்தது. ஐந்தாம் நாள் 401 நெடுஞ்சாலையில் ஏற அக்சிலரேட்டரை மிதித்தபோது காற்று கண்ணாடிக்கு ஓடியது. மிதியை விட்டதும் காலுக்குத் திரும்பியது. அடுத்த கிழமை முழுதாகப் பழையபடி. போய்ச் சொன்னால், "அது வேற பிரச்சினை தம்பி, கொன்ட்ரோல் பனலும் போச்சு, இன்னொரு 380" என்றார்.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. இந்த வண்டியில் காற்றைத் திருப்பும் கதவுகளை இழுப்பது எஞ்சினின் உறிஞ்சல்தான். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மானிஃபோல்டிலிருந்து மெல்லிய வேக்யூம் குழாய் ஒன்று புறப்பட்டு, ஒருவழி வால்வு வழியாக, முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் பந்து போன்ற சேமிப்புக் கலத்தோடு சேர்ந்து, உள்ளே பொத்தான் இருக்கும் பனலுக்குப் போகிறது. குழாய் வெடித்தால் கதவுகள் தாமாகவே கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். ஓட்டுபவருக்குக் கண்ணாடி வழியே பாதை எப்படியும் தெரியவேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மிதிக்கும்போது மானிஃபோல்டில் உறிஞ்சல் குறையும். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் வால்வும் கலமும். ஆக, மிதித்தால் காற்று இடம் மாறுகிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் குழாயை.

எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்தேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்த இடத்தில் குழாயைச் சுற்றிப் புதுக் கறுப்பு ரேப். டிசம்பரில் பற்றரி மாற்றியபோது அது அங்கே இல்லை. பிரித்தேன். பசை சூட்டில் இளகி விரலில் ஒட்டியது. உள்ளே ஓர் அங்குலத்துக்கு வெடிப்பு. பிறகு கையுறைப் பெட்டியைக் கழற்றி ரோர்ச் அடித்தேன். டாஷ்போர்டின் திருகாணித் தலைகளில் பல வருடத் தூசி அப்படியே அப்பியிருந்தது. ஒன்றில்கூடச் சாவி பட்ட கீறல் இல்லை. வெடிப்பைக் கண்டிருக்கிறார்கள், ரேப் சுற்றியிருக்கிறார்கள், கழற்றாத டாஷ்போர்டுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை.

சரி, திருத்தியது எப்படி என்றால்: ஒரு மீற்றர் வேக்யூம் றப்பர் குழாய், பத்து டொலருக்குள். சுவர் தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள், மெல்லியது உறிஞ்சலில் ஒட்டிப்போகும். வெடித்த துண்டை வெட்டி எறிந்து, றப்பரின் நுனியைச் சுடுநீரில் தோய்த்து இரு பக்கமும் ஏற்றினேன். பழைய பிளாஸ்டிக்கைக் குளிரில் வளைக்காதீர்கள், பட்டென்று முறியும். இருபது நிமிட வேலை.

ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002இன்படி வேலைக்கு முன் மதிப்பீடு தரவேண்டும், அதற்குமேல் 10 வீதத்துக்கு அதிகமாக வாங்கக்கூடாது. செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கலாம். நான் உடைந்த கதவைக் கேட்டேன். "எறிஞ்சாச்சு" என்றார்.

பணத்தைத் திருப்பித் தரும்படி கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வெடித்த துண்டும் அந்த ரேப்பும் பில்லோடு ஒரு பையில் இருக்கின்றன.