பாட்காஸ்ட் ஹோஸ்டிங்கை மாற்றப் போகிறவர்களுக்கு: முதலில் ஃபீட் யார் கையில் போகிறது என்று பாருங்கள்

"ஹோஸ்டிங், விளம்பரம், நேயர் வளர்ச்சி எல்லாம் எங்கள் பொறுப்பு, நீங்கள் பேசினால் மட்டும் போதும்" என்று ஒரு நிறுவனம் உங்களுக்கு மெயில் அனுப்பினால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஹோஸ்டிங் என்பது எபிசோடு ஃபைல்களை இணையத்தில் வைத்திருக்கும் இடம். ஃபீட் என்பது அந்த எபிசோடுகளின் பட்டியல், செயலிகள் அதைப் பார்த்துத்தான் நிகழ்ச்சியைக் காட்டுகின்றன. பல வருஷமாகத் தனியாளாக நடத்திய என் பாட்காஸ்டை அப்படி ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். இன்று அதன் பழைய நேயர்களில் பெரும்பாலோர் அவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் குரலும்தான்.

அவர்கள் வந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17 வந்தபோது ஆப்பிள் பாட்காஸ்ட் செயலி தானாக டவுன்லோடு செய்யும் முறையை மாற்றியது. நடுவில் கேட்காமல் விட்டவர் திரும்பி வந்தால், விட்டுப்போன எபிசோடுகளை எல்லாம் மொத்தமாக இறக்கி வைக்கும் வழக்கம் நின்றது. அதனால் உலகம் முழுக்கப் பல நிகழ்ச்சிகளுக்கு டவுன்லோடு எண்ணிக்கை சரிந்தது. கேட்டவர்கள் குறையவில்லை, கேட்காமல் ஃபோனில் சும்மா கிடந்த ஃபைல்கள்தான் குறைந்தன. எனக்கும் குறைந்தது. அடுத்த சில வாரங்களில் இந்த நிறுவனத்தின் மெயில்: "உங்கள் நேயர்கள் உங்களை விட்டுப் போகிறார்கள், கவனித்தீர்களா சார்?" காரணம் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மாற்றும் வேலை சுமுகமாகத்தான் நடந்தது. பழைய ஹோஸ்டிங்கிலிருந்து 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்பும் நிரந்தர வழிமாற்று) போட்டு, நேயர்களைப் புது முகவரிக்குக் கொண்டுபோனார்கள். ஆப்பிளிலும் ஸ்பாட்டிஃபையிலும் நிகழ்ச்சியைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். "நிர்வாக வசதிக்காக" என்றார்கள்.

கொஞ்ச நாளில் டவுன்லோடு வரைபடம் ஏற ஆரம்பித்தது. ஆனால் நேயர் கடிதம் ஒன்றுகூட அதிகமாகவில்லை. ஒரே ஒரு மதிப்புரை, ஒரு திட்டு, ஒரு "அடுத்தது எப்போ?" எதுவும் புதிதாக வரவில்லை. எந்த எபிசோடு எப்போது எவ்வளவு இறங்கியது என்று காட்டும் சர்வர் பதிவைக் கேட்டேன். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு ஒரு எக்செல் ஷீட் வந்தது. அதில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி கோரிக்கைகள். ஒவ்வொன்றும் ஒரு எம்பியைத் தாண்டிய கையோடு நின்றிருந்தது. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு நிமிஷ ஒலி ஏறக்குறைய ஒரு எம்பி. விளம்பரத் துறையின் ஐஏபி அளவுகோல்படி, ஒரு நிமிஷ அளவு ஒலியாவது இறங்கினால்தான் அது டவுன்லோடாகக் கணக்கில் வரும். அதாவது, கணக்கில் வருகிற அளவு மட்டும் இறக்கிவிட்டு அடுத்த எபிசோடுக்குத் தாவுகிற ஒன்று. மனுஷன் அப்படிக் கேட்க மாட்டான். நான் முதன்முதலில் கத்துக்குட்டியாகப் பதிவு செய்த, எனக்கே கேட்கச் சகிக்காத எபிசோடுக்கும் போன வார எபிசோடுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை வேறு. இந்த "வளர்ச்சி"க்குத்தான் மாதாமாதம் தனிக் கட்டணம் வாங்கினார்கள்.

அப்புறம் விளம்பரம். என் அப்பா இறந்ததைப் பற்றி நான் பேசிய ஒரு பழைய எபிசோடு உண்டு. அதன் நடுவில் உடனடிக் கடன் செயலி விளம்பரம் ஓடுகிறது என்று ஒரு நேயர் எழுதினார். "காசு வேணும்னா எங்களைக் கேட்டிருக்கலாமே சார்" என்று முடித்திருந்தார். எபிசோடைப் போட்டுக் கேட்டேன். பேச்சில் நான் தயங்கி நிறுத்திய இடம் ஒன்று வரும். அந்த மௌனத்தைத் தேடிப்பிடித்து அங்கே செருகியிருந்தார்கள். எபிசோடு கேட்கப்படும்போது சர்வரே விளம்பரத்தை ஒட்டி அனுப்பும் முறை இது. நாம் ஏற்றிய ஃபைலில் எதுவும் இருக்காது, அதனால் நமக்குத் தெரியவே தெரியாது. பழைய எபிசோடுகளில் விளம்பரம் போட நான் ஒப்புக்கொள்ளவில்லை. "பட்டியல் முழுவதற்கும் பொருந்தும்" என்ற ஒரு வரியைக் காட்டினார்கள். பணமும் வரவில்லை. குறைந்தபட்சத் தொகையைத் தொட்டால்தான் தருவார்களாம்.

சரி, விலகிவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. ஃபீட் முகவரியை பிரவுசரில் திறந்து பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் மெயில் இருந்த வரியில் அவர்களுடைய மெயில். அதற்குக் கொஞ்சம் மேலே, ஃபீடுக்குப் பூட்டுப் போடும் டேக், அதாவது ஃபீடுக்குள் எழுதும் ஒரு குறிப்பு வரி. பிறர் நம் ஃபீடைத் திருடி வேறு இடத்தில் ஏற்றாமல் தடுக்க வந்த நல்ல விஷயம் அது. இங்கே அதை எனக்கு எதிராகவே போட்டிருந்தார்கள். புது ஹோஸ்டிங்கில் ஃபீடை இறக்குமதி செய்யப் போனால், "பூட்டப்பட்டிருக்கிறது, உரிமையாளரிடம் கேளுங்கள்" என்கிறது. ஸ்பாட்டிஃபையில் உரிமை கோரினால், உறுதிப்படுத்தும் குறியீடு ஃபீடில் உள்ள மெயிலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நான் அவர்களைத்தான் கெஞ்ச வேண்டும்.

ரீடைரக்ட் மட்டுமாவது போட்டுத் தரச் சொன்னேன். "எங்கள் திட்டத்தில் அந்த வசதி இல்லை சார்" என்று பதில். என்னை உள்ளே கொண்டுவர அதே ரீடைரக்டைப் பழைய ஹோஸ்டிங்கில் கேட்டு வாங்கியவர்கள் இவர்கள்! 2005இல் ஐடியூன்ஸுக்குள் பாட்காஸ்ட் வந்த காலத்திலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. நிகழ்ச்சி என்பது ஒரு ஆர்எஸ்எஸ் முகவரி (நான் சொல்லும் ஃபீட் முகவரி இதுதான்), செயலிகள் அதை வாசிக்கின்றன, அவ்வளவுதான். ஆன்டெனாபாட் போன்ற பாட்காஸ்ட் கேட்கும் செயலியில் அந்த முகவரி நேயரின் ஃபோனிலேயே பதிந்திருக்கும். 301 இல்லாவிட்டால் அவருக்கு நான் இடம் மாறியதே தெரியாது.

நீங்கள் போவதானால், ஆப்பிள், ஸ்பாட்டிஃபை கணக்குகளை உங்கள் பெயரிலிருந்து நகர்த்த விடாதீர்கள். கணக்கு உங்களுடையது என்றால், ஹோஸ்டிங்காரர் முறைத்துக்கொண்டாலும் அந்த இரண்டு இடங்களில் ஃபீட் முகவரியை நீங்களே மாற்றிவிடலாம். உங்கள் சொந்த டொமைனில் (உங்கள் கையில் இருக்கும் இணையப் பெயரில்) ஃபீட் முகவரி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. விலகும்போது 301 போடுவார்களா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். ஆப்பிள் குறைந்தது நான்கு வாரம் வைக்கச் சொல்கிறது, அது போதாது என்பது என் எண்ணம். மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்கிற நேயரும் உண்டே. மூல ஒலி ஃபைல்கள் உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். எனக்கு மிஞ்சியது அதுதான், அதை வைத்துத்தான் எல்லா எபிசோடுகளையும் மீண்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆப்பிளிலும் ஸ்பாட்டிஃபையிலும் பதிப்புரிமைப் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. அதுவரை தேடினால் ஒரே பெயரில் இரண்டு நிகழ்ச்சிகள் வரும். நடுவில் கடன் விளம்பரம் ஓடுவது என்னுடையதில்லை. தயவுசெய்து அதிலிருந்து விலகிவிடுங்கள்.