கிரெட்டா: டர்போ பெட்ரோலா, டீசலா?

இழுவைக்கு டீசல்தான் என்ற பழைய கணிப்பை ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் பெருமளவு மாற்றிவிட்டது. 2024 ஜனவரியில் வெளிவந்த கிரெட்டாவில் இந்த எஞ்சின் தரும் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை, 253 நியூட்டன் மீட்டர், அதே 1.5 லிட்டர் டீசல் தருவது 250. இரண்டிலும் அது எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும்போதே (1500 ஆர்பிஎம்) முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் டீசலில் 2750 ஆர்பிஎம்முக்குப் பிறகு தளரும் அந்த விசை, பெட்ரோலில் 3500 வரை குறையாமல் நிற்கிறது. அதற்கு மேலும் எஞ்சின் உற்சாகமாகச் சுழல்வதால்தான் பெட்ரோல் 160 குதிரைத்திறனைத் தொடுகிறது, டீசல் 116-இல் நின்றுவிடுகிறது. நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும் லாரிகளை முந்தும்போது இந்த வேறுபாட்டை உடனே உணரலாம்.

மைலேஜில்தான் கவனம் தேவை. ஆட்டோமேட்டிக் வகைகளுக்கு, வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அராய் (ARAI) அமைப்பு தந்த அளவு டர்போ பெட்ரோலுக்கு லிட்டருக்கு 18.4 கிலோமீட்டர், டீசலுக்கு 19.1. இதை மட்டும் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும் என்பதால், ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த டர்போ திணிக்கும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் கூடிக்கொண்டே போகும். கடும் சுமையில் வெப்பத்தைத் தணிக்க அதற்கும் அதிகமாகவே தெளிக்கப்படும். டீசலுக்கு இந்த விகிதக் கட்டுப்பாடு இல்லை, தேவையான அளவு மட்டும் தெளித்தால் போதும். ஆகவே முழுக் குடும்பத்தோடும் சாமான்களோடும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவருக்கு டீசலின் சிக்கனம் நன்றாகவே புலப்படும். அந்த மெதுவான ஏற்றத்தில், இரட்டை கிளட்ச் கொண்ட பெட்ரோலின் கியர்பெட்டியைவிட எண்ணெய் வழியாக விசையை மென்மையாகக் கடத்தும் டீசலின் டார்க் கன்வெர்ட்டர் கியர்பெட்டியே எனக்கு நிம்மதியைத் தந்தது.

ஆனாலும் எல்லோருக்கும் டீசலைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பிஎஸ்6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. சேர்ந்த துகள் எரிந்து தீர வேண்டுமானால் புகை நன்கு சூடாக வேண்டும். அதற்கு ஓரளவு வேகத்தில் நிற்காத ஓட்டம் தேவை. பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் காரில் அந்த வாய்ப்பே அமைவதில்லை என்பதால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதைச் சரிசெய்யும் செலவில் டீசலால் மிச்சமான பணம் கரைந்துவிடும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர் தயங்காமல் பெட்ரோலை வாங்கலாம். ஆயிலை மட்டும் உரிய காலத்தில் மாற்றிவிட வேண்டும், டர்போவின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. மாதந்தோறும் வெளியூர் போய்வருகிறவருக்கு என் தேர்வு டீசல்தான்.

ஓட்டிப் பார்க்கச் செல்கிறவர்கள் தனியாகப் போகாமல் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, நெரிசலான ஒரு மேம்பாலத்தில் நின்று நின்று ஏறிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுவது நல்லது.