பூனையின் முடியுருண்டைக்கு வாங்கியதில் எது தேறியது?

பூனை நக்கி விழுங்கிய முடி வயிற்றில் திரண்டு வாந்தியாக வருவதுதான் முடியுருண்டை. அதற்கு வாங்கியதில் சீப்புக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை. பூனைக்கு நக்கக் கொடுக்கும் பசை அவசரத்துக்கு உதவுகிறது. நார்ச்சத்துத் தீனி பரவாயில்லை ரகம். எண்ணெய், நெய் பக்கமே போக வேண்டாம். சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டில் இரண்டு பூனைகளோடு குப்பை கொட்டியதில் என் முடிவு இவ்வளவுதான். விவரம் வேண்டுபவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

பஞ்சு பாரசீகக் கலப்பு, மேலெல்லாம் நீளமுடி. கறுப்பி குட்டைமுடிக்காரி, சாதாரண ஊர்ப்பூனை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது உரிமமும் மைக்ரோசிப்பும் இருந்தால் வீட்டுக்கு 2 பூனைகள் வைத்துக்கொள்ளலாம். தடைக்கு வீவக சொல்லிவந்த காரணங்களில் ஒன்று, பூனை முடி உதிர்க்கும் என்பது. அந்த ஒரு காரணத்தில் பொய்யே இல்லை என்று பஞ்சு வந்த வாரமே தெரிந்துபோனது.

பூனை நாக்கில் இருக்கும் சிறு முட்கள் தொண்டைப் பக்கமாக வளைந்திருக்கும். நக்கும்போது அதில் சிக்கும் முடியைத் துப்ப வழியில்லை, விழுங்கித்தான் ஆக வேண்டும். முடி கெரட்டின் என்பதால் செரிக்காது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும், தங்குவதுதான் உருண்டையாகி வெளியே வரும். பெயர்தான் உருண்டை, உணவுக்குழாய் வழியாக நெருக்கிக்கொண்டு வருவதால் தரையில் விழும்போது விரல் நீளத்துக்கு ஈரத்திரி மாதிரி கிடக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் வேறெதுவோ என்று நினைத்துப் பூனையைத் திட்டுவார்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகள் பலவும் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் கூடுதல் கவனம் தேவை என்கின்றன. நமக்கு ஏது அதெல்லாம்? பூனையின் உடம்பு முடி உதிர்க்கும் நேரத்தைப் பகல் வெளிச்சத்தின் நீளத்தை வைத்துத்தான் கணிக்கிறது. சிங்கப்பூரில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் 9 நிமிடம்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு இரவு பதினொரு மணிவரை வீட்டில் விளக்கு எரிகிறது. அதனால் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். பொருள் வாங்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: வருடம் முழுக்க விடாமல் செய்யக்கூடியதா?

அப்படிப் பார்த்தால் சீப்புதான் முதலில் நிற்கிறது. பஞ்சுவுக்கு இரண்டு சீப்பு. நீண்ட உலோகப் பற்கள் உள்ள சாதாரணச் சீப்பு தினமும்; உள்முடியை இழுத்தெடுக்கும் நெருக்கமான பல் உள்ளது வாரம் ஒருமுறை, அதுவும் லேசாக. இந்த இரண்டாவது வகையில் கை வைத்தால் நிறுத்த மனசு வராது, குவியல் குவியலாக வரும். அழுத்தி இழுத்தால் நல்ல முடியும் போய்த் தோலும் சிவக்கும். கறுப்பிக்கு ரப்பர் கையுறையே போதும், தடவிக்கொடுக்கிறோம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சீவாதீர்கள். எங்கள் கீழ்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) மூங்கில் கழியில் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளை முடி. நல்லவேளை, அவரும் பூனைக்காரர். இப்போது குளியலறையில்தான் சீவல்.

பசை என்பது மால்ட் சுவையில் குழாயில் வருவது. பலவற்றில் வழுக்கலுக்குச் சேர்ப்பது பெட்ரோலாட்டம், அதாவது வாசலின் வகை. அது செரிக்காமல் குடலில் வழுக்கிக்கொண்டு போகும், முடியையும் கூட்டிப்போகும். தேங்காயெண்ணெயும் நெய்யும் இதைச் செய்யாது. குடலிலேயே செரித்துவிடும், மிஞ்சுவது பேதியும் தொப்பையும்தான். ஜோகூர் அத்தை ஒவ்வொரு முறையும் "ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் குடு, சரியாப் போயிடும்" என்பார். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். எண்ணெயை வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து வேறு இருக்கிறது. பசையையும் அளவோடுதான் கொடுக்க வேண்டும். தினமும் சோற்றோடு கொடுத்தால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் சேராமல் போகலாம் என்பதால், இரு வேளைக்கு இடையில், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும். முன்னங்காலில் தடவிவிட்டால் தானே நக்கிக்கொள்ளும்.

முடியுருண்டைக்கென்றே வரும் உலர்தீனியில் செல்லுலோஸ், சர்க்கரை பீட் கிழங்குச் சக்கை, இசப்கோல் மாதிரி நார்கள் இருக்கும். பஞ்சுவுக்கு வாந்தி கொஞ்சம் குறைந்தது, மலப்பெட்டி வேலை கூடியது. பிறகு மருத்துவரைக் கேட்டு, ஈரத்தீனியில் ஊறவைத்த இசப்கோலுக்கு மாறிக்கொண்டோம். தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக் கடைகளிலேயே கிடைக்கும். சர்க்கரையும் ஆரஞ்சு மணமும் சேர்த்தது வேண்டாம், வெறும் உமிதான் வேண்டும். அளவை மருத்துவரிடமே கேளுங்கள். தண்ணீர் சேராத இசப்கோல் மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும்.

பூனைப்புல் வாங்கவே வேண்டாம். கோதுமையை ஊறவைத்து முளைப்பாரி மாதிரி தட்டில் வளர்த்தால் ஒரு வாரத்தில் கடிக்கும் உயரம் வந்துவிடும். முடியுருண்டையைத் தடுக்கிறதா என்றால், எங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பூனைகளுக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இங்குள்ள ஈரக்காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மணி பிளாண்ட் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

எல்லாச் செருமலையும் முடியுருண்டைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கழுத்தை நீட்டிக் குனிந்து இருமுகிறது, ஆனால் எதுவும் வரவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள், வாயால் விளக்குவதைவிட அது மேல். திரும்பத் திரும்ப ஓங்கரித்தும் எதுவும் வராமல், சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டு, மலமும் போகவில்லை என்றால் பசைக் குழாயைத் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குடல் அடைப்பாக இருந்தால் அறுவைச் சிகிச்சைவரை போகும்.

கறுப்பி கதை வேறு. குட்டைமுடிக்காரி திடீரென்று வாராவாரம் முடி கக்கத் தொடங்கினாள், வயிற்றில் வழுக்கை விழும் அளவுக்குத் தன்னையே நக்கினாள். தெள்ளுப்பூச்சி இல்லை, தோல்நோய் இல்லை என்று பார்த்துவிட்டு மருத்துவர் கேட்டார்: "வீட்டில் ஏதாவது மாற்றமா?" மேல்வீட்டில் புதுப்பிப்பு வேலை. பகல் முழுக்கத் துளையிடும் சத்தம். பதற்றத்தில் நக்கித் தள்ளியிருக்கிறாள். அதற்குச் சீப்பும் இல்லை, பசையும் இல்லை. பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே தடித்த சுவரோடு இருக்கும் பதுங்கு அறையில், அரிசி மூட்டையை நகர்த்தி அவள் படுக்கையைப் போட்டோம். கதவைத் திறந்தே வைத்தாலும் அந்தச் சுவருக்குள் சத்தம் பாதிதான். கொஞ்ச நாளில் நக்குவது குறைந்தது, வயிற்றில் முடியும் முளைத்தது. மேல்வீட்டு வேலை முடிந்த பிறகும் அவள் அந்த இடத்தைக் காலி செய்வதாக இல்லை. அரிசி மூட்டை இப்போது வரவேற்பறையில்.