அக்செசிபிள் பெய்ஜா, அக்ரீயபிள் கிரேயா? சில வருடங்கள் வாழ்ந்து பார்த்த பிறகு

ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற பெயின்ட் கம்பெனியின் இந்த இரண்டு சுவர் நிறங்களுமே எங்கள் வீட்டில் உண்டு. ஹாலில் அக்செசிபிள் பெய்ஜ் (எஸ்டபிள்யூ 7036), படுக்கையறையில் அக்ரீயபிள் கிரே (எஸ்டபிள்யூ 7029). ஷேட் கார்டில் பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று சொல்லும் எல்ஆர்வி முதலாவதுக்கு 58, இரண்டாவதுக்கு 60. இந்த இரண்டு புள்ளியை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. அடிச்சாயலைத்தான் பார்க்க வேண்டும். பெய்ஜ் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும். கிரே, பேருக்கு ஏற்றபடி, சாம்பல் பக்கம்.

பகலில் இது நன்றாகவே தெரிகிறது. விளக்கைப் போட்டதும் கதை மாறிவிடும். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பில் கிரேயும் பெய்ஜாகிவிடுகிறது. பெய்ஜோ வெண்ணெய் நிறத்துக்குப் போய்விடுகிறது. 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் கிரே ஆஸ்பத்திரிச் சுவர் போலச் சில்லென்று ஆகும், பெய்ஜ் சோர்ந்து தெரியும். இரண்டுக்கும் எனக்குப் பிடித்தது 3000 முதல் 3500 வரை. நிறம் சரியில்லை என்று தோன்றினால் முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள், பெயின்டரைக் கூப்பிடுவது அப்புறம்.

கார்டு சொல்லாத இன்னொரு விஷயம், கதவும் ஜன்னல் சட்டமும். எண்ணெய் சேர்ந்த வெள்ளை எனாமல் நாளாக ஆக மஞ்சளிக்கும், அதுவும் வெளிச்சம் குறைந்த இடத்தில் வேகமாக. கிரே பக்கத்தில் அந்தப் பழுப்பு பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. பெய்ஜ் பக்கத்தில் கண்ணுக்கே படுவதில்லை. மரச் சாமான் நிறைய உள்ள அறைக்கும் பெய்ஜ்தான் ஒத்துப்போகிறது. வெள்ளைத் துணி, கறுப்புக் கைப்பிடி என்று இருக்கும் அறையில் கிரே அழகு, அதை மறுக்க மாட்டேன்.

அழுக்கு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சுவிட்ச் பக்கத்துக் கைரேகை இரண்டிலும் தெரியும். அதற்கு நிறத்தைவிட ஃபினிஷ்தான் காரணம். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷைத் தேய்த்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

வீடு முழுக்க ஒன்றே என்றால் நான் பெய்ஜையே எடுப்பேன். சாம்பிளை ஒரு அட்டையில் இரண்டு கோட் அடித்து, தரையோடும் கதவோடும் சேர்த்து வைத்து, ராத்திரியும் பாருங்கள். இரண்டையும் வாங்குவதானால் ஒரே பார்வையில் படும் சுவர்களில் மட்டும் வேண்டாம். வேண்டுமென்று செய்ததாகத் தெரியாது, டின் மாறிப்போனது போலத்தான் தெரியும்.