ஹெட்டைத் திறக்காமலேயே ஹெட் வேலைக்குப் பணம்: எல்லைப் பகுதி கார்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் போய்வருவோர், இன்ஜினில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் கண்ணில் பட்ட பட்டறையில் வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் காரில் காலையில் கிளப்பும்போது அந்தச் சத்தம் பலமாக இருக்கும், சூடானதும் அடங்கிவிடும், லோயர் கேம்ப் தாண்டி ஏற்றத்தில் மிதித்தால் மறுபடியும் லேசாகக் கேட்கும். குமுளியில் ஒரு பட்டறைக்காரர் சற்று நேரம் காது கொடுத்துவிட்டு, “டேப்பட் போச்சு சார், ஹெட்டை இறக்கியே ஆகணும்” என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களை மூடி வால்வுகளைத் தாங்கும் இன்ஜினின் மேல்பகுதி, டேப்பட் என்பது அந்த வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகம். ஆயில் குறைந்தாலே டேப்பட் சத்தம் போடும் என்றிருக்க, அவர் ஆயில் குச்சியைக்கூட உருவிப் பார்க்கவில்லை. ‘ஹெட் வேலை, வால்வு, கேஸ்கட் (இணைப்பில் கசியாமல் வைக்கும் தகடு)’ என்று துண்டுச்சீட்டில் எழுதி 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது, பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்காரனிடம் போட்டாயிற்று என்று பதில் வந்தது. வண்டியைச் சூடாகவே கையில் கொடுத்ததால் அப்போது சத்தம் இல்லை. மறுநாள் காலை அப்படியே இருந்தது.

கம்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், வண்டியை இரவு தன்னிடமே விடச் சொல்லி, விடியற்காலையில் ஆறிய இன்ஜினைக் கிளப்பி, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே போனார். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஹெட்டோடு சேரும் இடத்தில் சத்தம் பளிச்சென்று கேட்டது. அங்கே கேஸ்கட் ஓரமாக, மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் திறக்கும் என்பதால், அங்கே கசியும் புகையின் தாளமும் டேப்பட்டின் தாளமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் கசிவுச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் காட்டினார். ஹெட்டை இறக்க வேண்டுமானால் மேனிஃபோல்டைப் பிரிக்க வேண்டும், ரேடியேட்டரில் உள்ள கூலன்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் நீரை) வடிக்க வேண்டும், டேப்பட் கவரைக் கழற்ற வேண்டும். என் வண்டியிலோ அந்தக் கவர் போல்ட்டுகளைச் சுற்றிப் பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஸ்பேனர் படாமல் கெட்டியாக இருந்தது. ரேடியேட்டரில் அதே துருநிறத் தண்ணீர். பட்டறைக்காரர் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டிருக்கவில்லை. மேனிஃபோல்டின் ஒரு கேஸ்கட்டும் அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட்டும் (திருகாணியும்) மாற்றியதோடு சத்தம் நின்றது. இந்தக் கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் புகை காருக்குள்ளும் வரலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பட்டறை கேரளத்தில் இருக்கிறதே, வழக்குக்கு அங்கே அலைய வேண்டுமோ என்று தயங்குபவர்களுக்கு: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. நான் தேனியில் கொடுக்கவிருக்கும் மனுவுடன், அந்தத் துண்டுச்சீட்டையும் பிசுக்குப் படிந்த போல்ட்டுகளின் படங்களையும் இணைக்கிறேன்.