இன்டேக் மேனிஃபோல்டு போர்ட்டிங்: நாமளே பண்றதா, பட்டறைல குடுக்கறதா, புதுசா மாத்தறதா?

இன்ஜினுக்குள்ள காத்த கொண்டு போற இன்டேக் மேனிஃபோல்ட கழட்டி உள்ள விரல விட்டா காஸ்டிங் பிசிறு நெருடும், மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல வர்ற கேஸ்கெட்ட வச்சு பாத்தா ஓட்டையும் ஓட்டையும் சேராது, உடனே டை கிரைண்டர எடுக்க கை பரபரக்கும். எடுக்கலாம் தப்பில்ல. ஆனா போர்ட்டிங்ல, அதாவது காத்து போற வழிய தேய்ச்சு சரி பண்றதுல, மூணு தனித்தனி வேலை இருக்கு: பிசிறு எடுத்து வழிய சீர் பண்றது, மேனிஃபோல்டு வாயையும் ஹெட் வாயையும் ஒண்ணா சேக்கறது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியா போற குழாயான ரன்னரையே பெருசாக்கறது. முதல் ரெண்டையும் நீங்களே பண்ணுங்கன்னு தைரியமா சொல்வேன், மூணாவதுல கை வைக்காதீங்க.

அதுக்கும் முன்னாடி காத்து எங்க மாட்டுதுன்னு பாத்துடுங்க. மேப் சென்சார் (மேனிஃபோல்டுக்குள்ள காத்தோட அழுத்தத்த அளக்கறது) இருக்கற, டர்போ இல்லாத வண்டின்னா ஸ்கேனர் மாட்டி, இன்ஜின் ஓடாம சாவி மட்டும் போட்ட நிலைல எவ்ளோ காட்டுதுன்னு குறிச்சுக்கோங்க, அது வெளிக்காத்தோட அழுத்தம். அப்புறம் ஃபுல் த்ராட்டில்ல உச்ச ஆர்பிஎம் பக்கம் போறப்போ எவ்ளோன்னு பாருங்க. ரெண்டுக்கும் 2, 3 கிலோபாஸ்கல் தான் வித்தியாசம்னா ஃபில்டரும் த்ராட்டில் பாடியும் நல்லா தான் இருக்கு. 8, 10னு இறங்குதுன்னா மேனிஃபோல்ட தேய்க்கறதுக்கு முன்னாடி அங்க சரி பண்ணணும். ஆனா அந்த சென்சார் பிளீனத்துல, அதாவது ரன்னர் எல்லாம் பிரியற பொது அறைல, உக்காந்திருக்கு, அதுக்கு அப்புறம் வர்ற ரன்னர்ல என்ன நடக்குதுன்னு அது சொல்லாது.

சரி, நாமளே பண்றது. இதுல நிறைய பேர் சறுக்கற இடம் கேஸ்கெட் மேட்சிங் தான். கேஸ்கெட்டோட ஓட்டை பெரும்பாலும் ரெண்டு பக்க போர்ட்டையும் விட பெருசா இருக்கும், அத அளவா வச்சு மேனிஃபோல்டு வாய அகட்டிட்டா காத்து வந்து ஹெட்டோட விளிம்புல நேரா முட்டும், முன்னாடி இருந்தத விட மோசம். காத்து போறது மேனிஃபோல்டுல இருந்து ஹெட்டுக்கு, அதனால ஹெட் வாய் கொஞ்சம் பெருசா இருந்தா பரவால்ல, மேனிஃபோல்டு வாய் பெருசா இருக்கவே கூடாது. அளவுக்கு ஹெட்ட தான் எடுக்கணும். ஒரு மெல்லிசான அட்டைல போல்ட் ஓட்டைய போட்டு ஹெட் மேல உக்கார வச்சு, போர்ட் விளிம்ப அப்படியே வெட்டி எடுத்து, அதே போல்ட் ஓட்டைல மேனிஃபோல்டுல வச்சு கோடு கீறுங்க. அட்டையோட எந்தப் பக்கம் ஹெட்ட பாத்துச்சோ அதுக்கு மறுபக்கம் மேனிஃபோல்ட பாக்கணும், இல்லன்னா கோடு எல்லாம் இடம் வலம் மாறிடும். கோட்டுக்குள்ள எடுத்ததும் அங்கயே நிறுத்தாம உள்ள 20, 25 மில்லிமீட்டர் வரைக்கும் சாய்வா கரைச்சு விடணும், இல்லன்னா வாய்ல மட்டும் ஒரு புடைப்பு உருவாகி அங்க காத்தோட வேகம் விழும்.

ரன்னர பெருசாக்காதீங்கன்னு சொல்றதுக்கு கணக்கு இருக்கு. 40 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ரன்னர்ல சுத்தி அரை மில்லிமீட்டர் எடுத்தா விட்டம் 41, பரப்பு 5 சதவீதம் கூடிடுது. கைக்கு ஒண்ணுமே எடுக்காத மாதிரி தான் இருக்கும், ஆனா அதே அளவு காத்து போறப்போ வேகம் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறையும், கீழ் ஆர்பிஎம்ல இழுவை போகும். நாலு ரன்னர்ல ஒண்ணுல அரை, ஒண்ணுல ஒண்ணுன்னு எடுத்தா சிலிண்டருக்கு சிலிண்டர் காத்து வேற வேற. எடுத்த அலுமினியத்த திருப்பி ஒட்டவும் முடியாது.

அதே சமயம் ரொம்ப கொஞ்சமா எடுத்து நல்ல பலன் கிடைக்கற இடம் ஒண்ணு இருக்கு, பிளீனத்துல இருந்து ரன்னர் தொடங்கற வாய். கூர் விளிம்பா இருந்தா அங்க நுழைவு இழப்பு எண் (காத்து நுழையறப்போ எவ்ளோ அழுத்தம் வீணாகுதுங்கற அளவு) சுமார் 0.5. விட்டத்துல பத்துல ஒரு பங்கு, அதாவது 40 மில்லிமீட்டர் ரன்னருக்கு 4 மில்லிமீட்டர் ஆரத்துல விளிம்ப உருட்டினாலே 0.12க்கு இறங்கும். மேல் கீழ்னு ரெண்டா பிரியற மேனிஃபோல்டுன்னா கை எட்டும், தாராளமா பண்ணுங்க. ஒரே துண்டா வார்த்ததுன்னா எட்டாது.

அலுமினியத்துக்கு பல் அகலமான கார்பைட் பர் (கிரைண்டர்ல மாட்டற வெட்டு முனை) வாங்குங்க, நெருக்கமான பல்லு உடனே அடைச்சுக்கும், அப்பப்போ மெழுகு தடவிக்கோங்க. நீளமான தண்டு உள்ள பர்ர வெளிக்காத்துல முழு வேகத்துல சுத்த விடவே கூடாது, தண்டு வளைஞ்சு பறக்கும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கடைசியா 60, 80 நம்பர் உப்புத்தாள் உருளையோட நிறுத்துங்க. கார்புரேட்டர் வண்டில அந்த சொரசொரப்பு பெட்ரோல் சுவத்துல படிஞ்சு ஓடாம இருக்க உதவும், கண்ணாடி மாதிரி பளபளப்பு தேவையே இல்ல. கேஸ்கெட் உக்கார்ற முகத்துல ஒரு கீறல் விழுந்தாலும் காத்து கசியும், அதனால அங்க டேப் ஒட்டி மறைச்சுட்டு வேலைய தொடங்குங்க. முடிஞ்சதும் சுடுதண்ணி, சோப்பு, பிரஷ், காத்து அடிச்சு ஒரு துகள் இல்லாம கழுவணும், ஒரு சின்ன சுருள் உள்ள போனாலும் வால்வு சீட்டுக்கும் சிலிண்டர் சுவத்துக்கும் ஆபத்து. இன்ஜின்ல மாட்டின நிலைல தேய்க்கறது பத்தி யோசிக்கவே வேண்டாம்.

பட்டறைக்கு போறதுன்னா ஃப்ளோ பெஞ்ச் (காத்தோட்டத்த அளக்கற கருவி) இருக்கான்னு முதல்ல கேளுங்க. 28 இன்ச் தண்ணி உயரத்துக்கு சமமான காத்தழுத்தத்துல ஒவ்வொரு ரன்னரும் எவ்ளோ விடுதுன்னு வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்து தரணும், அது இல்லன்னா அவங்களும் கண் பாத்து தான் தேய்க்கறாங்க, அதுக்கு நீங்களே பண்ணலாம். ஹெட்டையும் சேத்து குடுங்க, மேனிஃபோல்ட மட்டும் தனியா அளந்து பெருசா பிரயோஜனம் இல்ல. வார்க்கும்போது உள் அச்சு நகர்ந்திருந்தா ஒரு பக்க சுவர் மெலிசா இருக்கும், தண்ணி வழி போற மேனிஃபோல்டுல அது ஓட்டையாயிடும், அனுபவம் உள்ள ஆள் அளந்து பாத்து தான் கை வைப்பார். கை எட்டாத வளைவுக்கு பிசைஞ்ச மாவு மாதிரி உராய்வுப் பொருள அழுத்தி தள்ளற முறையும் இருக்கு, ஒரே துண்டு மேனிஃபோல்டுக்கு அது தான் சரி.

புது மேனிஃபோல்டு மாத்தறது வேற கதை. ரன்னர் நீளமும் பிளீனம் கொள்ளளவும் எவ்ளோ தேய்ச்சாலும் மாறாது, டார்க் எந்த ஆர்பிஎம்ல வரணும்கறத பெரும்பாலும் நீளம் தான் முடிவு பண்ணுது. கேம்ஷாஃப்ட் (வால்வ திறக்கற தண்டு) மாத்தி மேல் ஆர்பிஎம்ல ஓட்டப் போறீங்கன்னா குட்டை ரன்னர் மேனிஃபோல்டு அர்த்தம் உள்ளது. கேம் பழசா இருக்க இத மட்டும் மாட்டினா கீழ இழுவைய இழந்து மேல அதுக்கேத்தது கிடைக்காம நிப்பீங்க. பிளாஸ்டிக் மேனிஃபோல்டுன்னா மாத்தறது தான் வழி, சுவர் மெலிசு, பர் பட்டா சூட்டுல இளகும், பிசிற கத்தில செதுக்கறதோட விட்டுடுங்க.

மூணுல எத பண்ணாலும், மேப் சென்சார வச்சு பெட்ரோல் கணக்கு போடற ஈசியுவா (இன்ஜினோட கம்ப்யூட்டர்) இருந்தா வைட்பேண்ட் சென்சார் (புகைய வச்சு காத்து பெட்ரோல் விகிதத்த அளக்கறது) மாட்டி அதோட பெட்ரோல் டேபிள திருத்தணும், முக்கியமா ஃபுல் த்ராட்டில் பகுதிய, காத்து கூடி பெட்ரோல் கூடலன்னா லீனா, அதாவது பெட்ரோல் பத்தாம, ஓடும்.