இஎஸ்ஐயா, இன்சூரன்ஸா, மெஷினுக்குத் தடுப்புக் கார்டா: பிரஸ் ஷாப்புக்கு எது மிச்சம்?

அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் சின்ன பிரஸ் ஷாப் (தகட்டை அச்சில் அழுத்திப் பாகம் செய்யும் பட்டறை) நடத்துகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஆக்சிடென்ட் செலவைக் குறைக்க எது நல்லது சார், இஎஸ்ஐயா, டபிள்யூசி பாலிசியா?" இஎஸ்ஐ அரசின் தொழிலாளர் காப்பீடு; டபிள்யூசி, தொழிலாளிக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்காக முதலாளி எடுக்கும் இன்சூரன்ஸ். இவை போக நடைமுறையில் இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. நர்சிங் ஹோமில் கட்டுப் போட்டு, கையில் ஏதோ கொடுத்து முடிப்பது ஒன்று. விரலே போகாதபடி மெஷினைச் சரிசெய்வது இன்னொன்று. நான்கையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் இரண்டில் தேர்ந்தெடுக்க உங்களுக்கு அதிக இடம் இல்லை. பத்துப் பேர் வேலை செய்தாலே இஎஸ்ஐ கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதற்குள் வந்துவிடுவார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. முப்பது பேர், ஆளுக்கு 15,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு மாதம் 14,625 ரூபாய். பணியிடக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். கே.கே. நகர் அல்லது அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம். ஒரு தொழிலாளி இஎஸ்ஐக்குள் இருந்தால், அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டப்படி உங்களிடம் தனியாகக் கேட்க முடியாது. முதலாளிக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை. கிளார்க்குகளை மட்டும் சேர்த்துவிட்டு ஹெல்பர்களை விட்டுவிடுகிற பழக்கம் அதனாலேயே எனக்குப் புரிவதில்லை. சந்தா கட்டாத ஆளுக்கு அடிபட்டால், கொடுத்த பணத்தை இஎஸ்ஐ உங்களிடமே வசூலிக்கும்.

21,000-க்கு மேல் வாங்கும் டூல் ரூம் ஆள், சீனியர் ஆபரேட்டர், சூப்பர்வைசர் ஆகியோருக்கு டபிள்யூசி பாலிசி வேண்டும். எவ்வளவு பெரிய பொறுப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குச் சட்டம் தந்திருக்கும் காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 அறிவிப்புப்படி கணக்குக்கு 15,000-தான். முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆக 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820 ரூபாய். கட்டைவிரல் முழுசாகப் போனால் இதில் 30 சதவீதம்: 5,61,546. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம்: சுமார் 2,62,000. இதோடு வைத்தியச் செலவும் உங்கள் பொறுப்பு. பல பாலிசிகளில் அது தனியாகக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. பாலிசித் தாளில் அந்த ஒரு வரியை இன்றே தேடிப் பாருங்கள். 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் கணக்கு வாய்பாடு அதேதான். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது இழப்பீட்டுக்குள் வந்திருக்கிறது.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். ஐம்பதாயிரம் கொடுத்து, வெள்ளைத் தாளில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது. அந்தத் தாள் எங்கும் நிற்காது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. சமரசம் என்றால் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்னால் பதிவாக வேண்டும்; மரணம் என்றால் பணத்தை அவரிடமே கட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்குள் அந்தப் பையன் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள ஆணையர் அலுவலகத்துக்குப் போய் மனுப் போட்டால் முழுத் தொகை, 12 சதவீத வட்டி, அதற்கு மேல் பாதி வரை அபராதம். அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது. காசுக்காகச் செய்கிறவருக்கே இது நஷ்டம்; விரல் போன பையனுக்குச் செய்கிற அநியாயம் வேறு. நான் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற மூன்றும் விரல் போன பிறகு பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்விதான்.

பாதுகாப்பு என்றதும் பலர் முதலில் விசாரிப்பது லைட் கர்ட்டன், அதாவது கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித் திரை. நல்ல சாதனம், ஆனால் எல்லா பிரஸ்ஸுக்கும் பொருந்தாது. நம் பக்கம் ஓடும் பழைய மெக்கானிக்கல் பிரஸ்களில் நிறைய, பின் கிளட்ச் உள்ளவை. பெடலை மிதித்தால் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) ஒரு முழுச் சுற்று முடிக்காமல் நிற்காது. நடுவழியில் கை வந்ததைக் கர்ட்டன் கண்டுபிடித்தாலும் நிறுத்த வழியில்லை. நியூமேட்டிக் கிளட்ச், பிரேக் உள்ள பிரஸ்ஸில்தான் அது வேலை செய்யும். செலவு செய்வதற்கு முன் உங்கள் மெஷின் எது என்று பாருங்கள்.

பின் கிளட்ச்சுக்குச் சரியான பதில் டையை (அச்சை) சுற்றி நிலையான கார்டு, அதாவது தடுப்பு. பீஸ் நுழையும் அளவுக்கு மட்டும் சந்து, விரல் போகாது. சரிவுத் தட்டு வைத்து பீஸ் தானாக இறங்கும்படி செய்தால் கை உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. உள்ளூர் ஃபேப்ரிகேஷன் கடையில் தகடும் ஆங்கிளும் வைத்தே செய்துவிடலாம். கூடவே கிளட்ச் பின்னும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கிறதா என்று முறைவைத்துப் பாருங்கள். தேய்ந்தால் ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். பீஸை எடுக்கப் போன கை அந்த இரண்டாவது அடியில்தான் மாட்டுகிறது.

இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அடி விழும் இரண்டு கை பட்டனும் உண்டு. அதன் பலவீனம் பீஸ் ரேட், அதாவது எண்ணிக்கைக் கூலி. ஒரு பட்டனைத் துணியால் கட்டிவிட்டு மற்ற கையால் பீஸ் போடுகிறவர்களைப் பல ஷாப்பில் பார்க்கலாம். அவர்களைத் திட்டிப் பயனில்லை; வேகத்துக்குத்தான் காசு என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம்? ஒரு பட்டன் அழுந்தியே இருந்தால் ஸ்ட்ரோக் விழாத சர்க்யூட் போடுங்கள், அந்த மெஷினில் பீஸ் ரேட்டை நிறுத்துங்கள்.

பன்னிரண்டு பிரஸ் உள்ள ஷாப்புக்கு என்றால் என் வரிசை இது: கையால் பீஸ் போடும் மெஷின்களுக்கு இந்த மாதமே நிலையான கார்டு; 21,000 வரை வாங்கும் எல்லோருக்கும் இஎஸ்ஐ; மேல் சம்பளக்காரர்களுக்கு வைத்தியச் செலவோடு டபிள்யூசி. கான்ட்ராக்டர் அனுப்பும் ஆட்களின் ஐபி நம்பரை (இஎஸ்ஐ பதிவு எண்ணை) அவர்கள் பிரஸ்ஸில் உட்காருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு உங்களிடம்தான் வரும். அவருடைய பில்லை பாஸ் செய்யும்போது அந்த மாத இஎஸ்ஐ சலானையும் கூடவே கேளுங்கள்.